பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு

கேதீஸ்வரனின் இரத்தப் பரிசோதனை முடிவை முதலில் வாசித்து விளக்கம் சொன்னவர் அவனுடைய அக்காவின் கணவர் தவராஜா. ஜேர்மன் மொழியில் எந்தக் காகிதம் வந்தாலும் அதைப் படம் பிடித்துச் சுவிஸின் பாசல் நகரில் இருக்கும் தவராஜாவுக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வாடகை, காப்புறுதி, குப்பைப் பை விலை எல்லாம் அந்த வழியால் போய் வந்தவைதான். ஆகவே சோலோதுர்ன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கிடந்த காகிதத்தைக் கண்ட தாய் கமலாவதி, அது மகனுடைய எந்த உறுப்பைப் பற்றியது என்று ஆராயாமல் வழக்கம்போலப் படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பிவிட்டாள்.

தவராஜா ஒருகாலத்தில் சாவகச்சேரியில் கணக்கு ரியூசன் நடத்தியவர். இங்கே வந்து நெடுங்காலமாக ட்ராம் கழுவுகிற பகுதியில் வேலை. இருந்தாலும் ஓர் எண்ணையும் அதன் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் கண்டால் அவருக்கு அது பரீட்சைப் புள்ளித் தாள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கேட்கும்படி தொலைபேசியில் சத்தமாக வாசித்தார்.

"தம்பி, எப்.எஸ்.எச். எண்டு ஒரு ஹோர்மோன். பக்கத்திலை பன்னிரண்டு எண்டு போட்டிருக்கிறாங்கள். நீ இருபத்துநாலு எடுத்திருக்கிறாய்."

"பன்னிரண்டுக்கோ அத்தான்?"

"பன்னிரண்டுக்கு இருபத்துநாலு. என்ர சர்வீசிலை நான் ஒருத்தனுக்கும் அப்பிடிப் போட்டதில்லை."

"மற்றதுகள்?"

"ரெஸ்ரோஸ்ரெரோன் எண்ட ஆம்பிளை ஹோர்மோன் மட்டும் கொஞ்சம் மட்டம். பாஸ்தான். ஆனால் சொல்லிக்கொள்ளுற பாஸ் இல்லை."

கமலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்லிஸ்வில் முருகனுக்கு ஒரு அபிசேகம் சொல்லவேண்டும் என்றாள். கேதீஸ்வரனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. கலியாணமாகி ஆறு வருடம். அவனுடைய விந்தில் அணு ஒன்றுகூட இல்லை என்று முதல் பரிசோதனையிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு வருடத்தில் அவனுடைய உடம்பு ஒரு விஷயத்தில் இரட்டை மடங்கு எடுத்திருப்பது இதுதான் முதல் தடவை.

மனைவி நிலோஜினி மட்டும் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளர். இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அவளுக்குப் புதிது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நல்லபடியாகப் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை பாசலில் உள்ள சிகிச்சை நிலையத்தில், டொக்டர் ஸ்டூடர் என்ற அந்தப் பெண்மணிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். நல்ல செய்தியைத் தானே முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று கேதீஸ்வரனுக்குப் பட்டது. பன்னிரண்டுக்கு இருபத்துநான்கு என்று ஜேர்மனில் சொன்னான். டொக்டர் நிலோஜினியைப் பார்த்தார். நிலோஜினி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக் குசினியில், சமையல் வேலை."

"உங்கள் குசினித் தலைவர் எப்போது கத்துவார்?"

"எப்போதும்."

டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேள்வியைத் திருத்தினார். "வேலை நடக்காவிட்டால் கூடுதலாகக் கத்துவாரா?"

"ஓம். கூடுதலாகக் கத்துவார்."

"உங்கள் மூளைக்கு அடியில் ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதுதான் குசினித் தலைவர். விந்தணு செய்யுங்கள் என்று கீழே விதைகளுக்குக் கட்டளை அனுப்பும். வேலை நடக்காவிட்டால் சத்தத்தைக் கூட்டும். பன்னிரண்டுவரை வழமையான சத்தம், இருபத்துநான்கு என்பது அந்தக் கூட்டிய சத்தம்."

கேதீஸ்வரன் தன்னுடைய இரட்டைப் புள்ளியை மெல்லக் கீழே இறக்கி வைத்தான்.

"அப்படியென்றால் குசினியில் ஒருவரும் இல்லையா?"

"அதைத்தான் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. தலைவர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் ஒருவர் பேசாமல் கரட் சீவிக்கொண்டிருக்கலாம். கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்."

கதவைத் திறப்பது என்றால் சத்திரசிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, விதையைத் திறந்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒவ்வொரு மூலையாகத் தேடுவது. அணு கிடைத்தால் எடுத்து உறையவைத்து, நிலோஜினியின் முட்டையோடு ஆய்வுகூடத்தில் சேர்க்கலாம். ஏறக்குறையப் பாதிப் பேரில் கிடைக்கும் என்றார் டொக்டர். எப்.எஸ்.எச். உச்சியில் நின்றவர்களிடமும் கிடைத்திருக்கிறது. அளவாக இருந்தவர்களிடம் கிடைக்காமலும் போயிருக்கிறது.

"அப்படியானால் ஏன் இரத்தம் எடுத்தீர்கள்?"

"மருந்தால் திருத்தக்கூடிய குறை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அப்படி ஒன்றும் இல்லை. சாத்திரம் சொல்வதற்கு அல்ல."

"இந்த எண் இறங்கினால்?"

"இறங்கினாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

கேதீஸ்வரனின் காதில் 'இறங்கினால்' என்பது மட்டும் விழுந்தது.

வீடு திரும்பும் வழியில் ஓல்ற்றனில் ரயில் மாறி உட்கார்ந்த பிறகு நிலோஜினி கதையைத் தொடங்கினாள்.

"ஒப்பரேசனுக்குத் திகதி எடுப்பமோ?"

"கொஞ்சம் பொறும் நிலோ. நம்பர் இறங்கட்டும்."

"அவ சொன்னது கேட்டதோ இல்லையோ?"

"கேட்டது. எண்டாலும் இருபத்துநாலோட போய்க் கட்டில்லை படுக்கிறதோ?"

"நம்பரோ படுக்கப்போகுது? நீங்கள்தானே."

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு ஐப்பசியிலை முப்பத்தெட்டு. என்ர முட்டையும் எனக்காண்டி நிண்டு காவல் இருக்காது. ஐப்பசி மட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு கேக்கமாட்டன். சண்டையும் பிடிக்கமாட்டன். கேக்கமாட்டன், அவ்வளவுதான்."

இதுதான் கேதீஸ்வரனைக் கலங்கவைத்தது. நிலோஜினி கேட்கமாட்டேன் என்றால் கேட்கமாட்டாள். வரவேற்பறை யன்னலுக்குத் திரைச்சீலை வாங்கும் விஷயத்திலும் அப்படித்தான். மூன்று தரம் கேட்டாள், அவன் பிறகு பார்ப்போம் என்றான். நாலாம் தரம் அவள் கேட்கவில்லை. அந்த யன்னல் இன்றைக்கும் வெறுமனே கிடக்கிறது. எதிர்வீட்டுச் சுவிஸ்காரக் கிழவனுக்கு இவர்கள் வீட்டில் என்றைக்கு என்ன கறி என்பதுவரை தெரியும்.

ஆனாலும் அவனால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. கதவு பூட்டியிருக்கும்வரை உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பலாம். திறந்து பார்த்து ஒருவரும் இல்லை என்றால் பிறகு நம்புவதற்கு ஒன்றும் இராது. ஒரு எண்ணாவது முன்கூட்டிக் கையைப் பிடித்து உறுதி சொன்னால் போகலாம் என்று நினைத்தான்.

உயர்ந்த எண் கூடாது என்ற செய்தி குடும்பத்துக்குத் தெரியவந்ததும் எல்லோரும் அதை இறக்கும் வேலையில் இறங்கினார்கள். கமலாவதி முருங்கையிலையைக் காலையும் மாலையும் வறுத்தாள். தவராஜா தன்னுடைய காரில் கேதீஸ்வரன் ஏறும்போதெல்லாம் ஆசனச் சூட்டை நிறுத்தினார், மாசி மாதக் குளிரிலும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சாத்திரியாரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, பிறந்த நேரத்தோடு இரத்தம் எடுத்த நேரத்தையும் அனுப்பச் சொன்னார். காலையில் பத்து மணிக்கு முன்னம் எடுத்ததுதானா என்று டொக்டரும் கேட்டிருந்தபடியால், கேதீஸ்வரனுக்கு இரண்டு பேரிலும் மதிப்புக் கூடியது.

இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் நடந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. அக்காவின் மகள் வேணுகாவுக்கு வயதுக்கு வந்ததற்கு ஆனி மாதம் சாமத்தியச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் கேதீஸ்வரன். மேடையில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். முந்தின வருடக் கலியாண வீட்டு வீடியோ ஒன்றை மாசியில் போட்டுப் பார்த்தபோது, மேலே இருந்து எடுத்த காட்சி ஒன்றில், வட்டமாகப் பளபளத்த ஒரு பொருளைக் கண்டு அது குத்துவிளக்கின் தட்டு என்று நினைத்தான். அது திரும்பியபோது தன்னுடைய முகம் இருந்தது. அன்றைக்கே இணையத்தில் தலைமயிர் வளரும் குளிசை தேடினான். இருப்பதிலேயே கூடிய பலமுள்ளதை வாங்கி, வேலையிடத்து அலுமாரிக்குள் வைத்து, வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் விழுங்கினான்.

வைகாசியில் இரண்டாம் தரம் இரத்தம் எடுத்தார்கள். எப்.எஸ்.எச். ஏழு.

"ஏழு!" என்று தவராஜா தொலைபேசியில் கத்தினார். "இது ஓட்டப்போட்டி மாதிரி. குறைஞ்ச ஆள்தான் முதலாமாள். ரெஸ்ரோஸ்ரெரோனும் இரட்டிப்பு! நான் அந்த சீற் சூட்டை நிப்பாட்டினது வீண்போகேல்லை."

"முருகன்ரை அபிசேகம்," என்றாள் கமலாவதி.

"மாமி, அபிசேகம் இருபத்துநாலுக்கும் எல்லோ செய்தனீங்கள்," என்றார் தவராஜா.

"அது கூடினதுக்குச் செய்தது. இது இறங்கினதுக்கு. அவருக்கு விளங்கும்."

கேதீஸ்வரன் அன்றைக்கே நிலோஜினியிடம், "திகதி எடும்," என்றான். அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

டொக்டர் ஸ்டூடர் சந்தோசப்படவில்லை. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு மனிதனுடைய எண்கள் மூன்று மாதத்தில் இப்படித் திரும்புவதில்லை. ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

"முருங்கையிலை," என்றான்.

"அது என்ன?"

நிலோஜினி விளக்கினாள். டொக்டர் தலையசைத்தார். "வேறு? குளிசை, விற்றமின்?"

கேதீஸ்வரன் சுவர் நாட்காட்டியைப் பார்த்தான். இந்த அறையில் அவன் சொல்லாதது ஒன்றும் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எப்படி, என்ன உள்ளாடை, எல்லாவற்றுக்கும் முகம் சிவக்காமல் பதில் சொன்னவன். இப்போது காதுவரை சூடேறியது.

"தலைக்கு," என்று மெல்லச் சொன்னான்.

"தலையிடியா?"

"இல்லை. மயிருக்கு."

நிலோஜினி கதிரையோடு திரும்பினாள். "மயிருக்கோ? எப்ப தொடங்கினது?"

"மாசியிலை இருந்து."

"எங்கை வைச்சிருக்கிறீங்கள்?"

"வேலையிலை."

டொக்டர் குளிசையின் பெயரைக் கேட்டுக் கணினியில் தேடினார். அதில் பயோட்டின் என்ற விற்றமின் நிறைய இருந்தது. உடம்புக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் சில ஆய்வுகூடங்களின் பரிசோதனை முறையில் அது குறுக்கே நிற்கும். எப்.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும், ரெஸ்ரோஸ்ரெரோனைக் கூட்டிக் காட்டும். அளக்கிற இயந்திரம் ஏமாந்ததே தவிர, அவனுடைய உடம்பு மாசியில் இருந்தபடியேதான் இருந்தது.

"குளிசையை நிறுத்துங்கள். பிறகு ஒருமுறை எடுப்போம்," என்றார். "திகதியை வைத்திருக்கட்டுமா?"

"சரியான எண் வரட்டும்," என்றான் கேதீஸ்வரன்.

ரயிலில் நிலோஜினி ஒன்றும் கேட்கவில்லை. சோலோதுர்னில் இறங்கும்போது மட்டும், "மயிர் வளந்ததோ?" என்றாள்.

"இல்லை."

"ம்," என்றாள்.

குடும்பத்துக்கு இதைச் சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. சடங்குவரை ஏழு ஏழாகவே இருந்தது.

சடங்கு பாசலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். சனம் நிறைய. மேடை ஒழுங்கெல்லாம், இப்படியான சடங்குகளை முன்னின்று நடத்தும் புனிதவதி அக்காவின் பொறுப்பு. எந்தத் தட்டு எப்போது எவர் கையில் இருக்கவேண்டும் என்பதில் அவவுக்கு மிஞ்சிய ஆள் சுவிஸில் இல்லை. கேதீஸ்வரன் பட்டு வேட்டியோடு வேணுகாவுக்குப் பக்கத்தில் நின்றான். மேலே இருந்து விளக்குகள் நேரே உச்சந்தலையில் காய்ந்தன.

ஆரத்தி சுற்றும் ஆலாத்தித் தட்டைக் கேதீஸ்வரனின் அக்கா பிரியதர்சினி நிலோஜினியிடம் கொடுத்திருந்தாள். தாய்மாமனின் மனைவி, அவள்தானே மாமி. நிலோஜினி மேடைப் படியில் கால் வைத்தபோது புனிதவதி அக்கா வந்து தட்டைப் பிடித்தா.

"பிள்ளை, முதல் எடுக்கிற ரெண்டு பேரும் பிள்ளை பெத்த ஆக்களா இருக்கட்டும். நீர் கடைசியா எடுக்கலாம், என்ன?"

அதில் ஒரு பகையும் இல்லை. பந்தியில் கதிரை மாற்றி இருக்கச் சொல்வது போலத்தான் சொன்னா.

"ஓம் அக்கா," என்றாள் நிலோஜினி. தட்டைக் கொடுத்தாள். விரலில் பட்ட மஞ்சள் தண்ணீரை ஒரு கடதாசியால் துடைத்தாள். பிறகு படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மேடையில் நின்ற கேதீஸ்வரனுக்கு அந்த முகம் தெரிந்த முகம். வெறும் யன்னலைக் கடந்து குசினிக்குப் போகும்போது அவளுக்கு அந்த முகம்தான் இருக்கும். ஐப்பசிக்கு இன்னும் காலம் கிடந்தது. ஆனால் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது அவனுக்கு அங்கே விளங்கியது. கடைசியாக வந்த ரயிலில் அவள் திகதியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"அக்கா, தட்டை நிலோவிட்டைக் குடுங்கோ," என்று புனிதவதி அக்காவிடம் சொன்னான்.

"முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ தம்பி."

"மாமி எடுக்கிறதுதான் முறை."

"அது சரி, எண்டாலும் பிள்ளைக்கு நல்லது..."

"அப்ப மாமனும் இறங்கிறன். வேற ஒரு மாமனைப் பிடியுங்கோ."

மண்டபத்தில் தலைகள் மேடைப் பக்கம் திரும்பின. வீடியோக்காரன் மட்டும் இதொன்றையும் கவனிக்காமல் கையை ஆட்டினான். "அண்ணை, தலையைக் கொஞ்சம் அங்காலை சரியுங்கோ. லைற் பட்டு அடிக்குது."

"அடிக்கட்டும்," என்றான் கேதீஸ்வரன்.

வேணுகா பன்னிரண்டு வயதுக்குரிய அலுப்போடு, "மாமி, கெதியா வாங்கோ, கால் நோகுது," என்றாள். புனிதவதி அக்கா தட்டைத் திருப்பிக் கொடுத்தா. நிலோஜினி ஆலாத்தி எடுத்தாள். இறங்கிப் போகும்போது அவனைப் பார்க்கவும் இல்லை. பொட்டு வைக்கும்போது மட்டும் வேணுகாவுக்குக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலை இடைவேளையில் கேதீஸ்வரன் தானே சிகிச்சை நிலையத்துக்குத் தொலைபேசி அடித்துத் திகதி எடுத்தான். புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னான். நிலோஜினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபடியால் கண்ணீருக்குக் காரணம் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

மூன்றாம் இரத்தப் பரிசோதனையின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. கமலாவதி கைபேசியோடு வருவதற்கு முன்னம் நிலோஜினி அதை எடுத்துப் பிரித்தாள்.

"சொல்லட்டோ?"

"வேண்டாம்."

"உண்மையாத்தானோ?"

"தலைவர் கத்துவார்தானே. கத்தட்டும்."

அவள் அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

சத்திரசிகிச்சை நாளன்று அவன் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு ஐஸ் பொதி இருந்தது. பக்கத்தில் நிலோஜினி இருந்தாள். ஆய்வுகூடத்தில் இன்னும் தேடுகிறார்கள் என்றாள். யாரோ யோகட் கொண்டுவந்து வைத்தார்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரமாக டொக்டர் ஸ்டூடர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"மூலையில் ஆட்கள் இருந்தார்கள்," என்றார்.

கேதீஸ்வரன் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். டொக்டரே சொன்னார். நிறைய இல்லை. கொஞ்சம். எடுத்து உறையவைத்தாயிற்று. ஒரு முறை, கவனமாகச் செய்தால் இரண்டு முறை, முயற்சி செய்யக் காணும், அந்தளவுக்குப் போதும். அதற்கு மேல் தான் ஒன்றும் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். நிலோஜினி தன்னுடைய ஊசிகளை எப்போது தொடங்கவேண்டும் என்று கேட்டுக் கைபேசியில் பதிந்தாள். டொக்டர் போன பிறகு யோகட்டை எடுத்து, பாதியைக் கரண்டியால் அவனுக்குத் தீத்திவிட்டு மீதியைத் தானே சாப்பிட்டாள்.

தொலைபேசி அடித்தது. தவராஜா. பின்னால் கமலாவதியின் மூச்சும் கேட்டது. அவ முதல் நாளே பாசலுக்குப் போய் இருந்துவிட்டா.

"தம்பி, என்னவாம்? இருக்காமோ?"

"ஓம் அத்தான். இருக்காம்."

"முருகா!" என்று கமலாவதியின் குரல்.

"எத்தினையாம்?" என்றார் தவராஜா.

"காணும்."

"காணும் எண்டால்? எத்தினைக்கு எத்தினை? அவங்கள் ஒரு கணக்குச் சொல்லியிருப்பாங்கள்தானே."

"காணும் அத்தான்."

"அந்தத் தாளை ஒருக்கால் படம் எடுத்து அனுப்பன், நான் பாத்து..."

"வையுங்கோ அத்தான். ஐஸ் கரையுது."

தொலைபேசியைக் கட்டிலில் போட்டான். வெளியே ட்ராம் ஒன்று வளைவில் கிரீச்சிட்டுத் திரும்பியது. நன்றாகக் கழுவிய ட்ராம். நிலோஜினி யோகட் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அந்த அறையின் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "எங்கடை வீட்டு யன்னலுக்கு ஒரு திரைச்சீலை வாங்குவமோ?"

"ஓம்," என்றான் கேதீஸ்வரன்.